நிஷாந்தினியின் ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் பருப்புக் கறி சாப்பிடுகிறவர்கள் பார்த்துத்தான் மெல்ல வேண்டும். கல் இருக்காது. பருப்பை நான் புடைத்து, கழுவி, மறுபடியும் பார்த்துத்தான் சட்டியில் போடுவேன். ஆனால் ஆணி இருக்கும். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய, பளபளவென்ற திருகாணி. போன வருடம் என் வீட்டுக்காரர் யுகேஷ் அப்படி ஒன்றைக் கடித்து, கடைவாய்ப் பல்லின் ஓரம் உடைந்து போனது. யார் வேலை என்று அவர் கேட்கவே இல்லை. தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் கையை நீட்டினாள்.

"குடுங்கண்ணே. அதைத்தான் காலையில இருந்து தேடுறேன்."

அவள்தான் என் நாத்தனார் நிஷாந்தினி. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கண்டியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் த்ரீவீலர் உதிரிப்பாகம் விற்கும் கடையில் கணக்கெழுதுகிறாள். காலையில் திருநீறு பூசி, தலையை இறுக்கிப் பின்னி, குடையும் சோற்றுப் பெட்டியுமாக அவள் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தால் இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்றுதான் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். பழைய காற்சட்டை, முழங்காலில் சேறு, கையில் ரிமோட். எங்கேயாவது ஒரு பாறைக்கு முன்னால் குந்தியிருப்பாள்.

அவளிடம் ஒரு வண்டி இருக்கிறது. கட்டாருக்கு வேலைக்குப் போன ஒருவரிடம் வாங்கியது. பூனை அளவு ஜீப், ஆனால் சக்கரம் மட்டும் பெரிதாக, சப்பையாக இருக்கும். ரிமோட்டால் ஓட்டுவது. ஓட்டுவது என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அது ஓடாது, ஊரும். பாறை மேல் ஊர்ந்து, வழுக்காமல், கவிழாமல், உச்சிக்குப் போக வேண்டும். அதற்குப் பெயர் கிரோலர். நான் வைத்த பெயர் கல்லேறி.

இந்தக் கல்லேறிக்காக எங்கள் சாப்பாட்டு மேசையை அவள் முழுதாகப் பிடித்துக்கொண்டாள். வாரத்தில் பாதி நாள் நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் சாப்பிடுகிறோம். மேசையில் வண்டி மல்லாந்து கிடக்கும். சக்கரத்துக்கும் வண்டி உடம்புக்கும் நடுவில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குழாய், அதைச் சுற்றி ஒரு ஸ்பிரிங், குழாய்க்குள் கொஞ்சம் எண்ணெய். அதுதான் ஷொக். எண்ணெய் தண்ணீராக இருந்தால் வண்டி துள்ளும். பாகாக இருந்தால் விறைத்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால்தான் ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது மற்றது பள்ளத்துக்குள் இறங்கிக் கல்லைப் பிடிக்கும். ஷொக்கின் மேல்முனையை மாட்ட வரிசையாகத் துளைகள் வேறு இருக்கின்றன. ஒரு துளை உள்ளே தள்ளி மாட்டினால் ஒரு குணம், ஒரு துளை வெளியே மாட்டினால் இன்னொரு குணம். நான் ரசத்துக்குப் புளி பார்ப்பதைவிட அதிகக் கவனத்தோடு அவள் இதையெல்லாம் மாற்றி மாற்றிப் பார்ப்பாள். பிறகு என் அம்மிக்கல்லைக் கவிழ்த்துப்போட்டு, செங்கல்லை அணைகொடுத்து, வண்டியை அதில் ஏற்றுவாள். என் அம்மி! கேட்டால், "இதுதான் அண்ணி சரியான சரிவு" என்பாள்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். இந்த வண்டியால் அவள் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது.

முதலில் மாத்தளையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் அலுமாரிக்கு மேல் இருந்த வண்டியைப் பார்த்து, "வீட்டுல சின்னப்புள்ளைங்க இருக்காங்களா?" என்று அன்பாகக் கேட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. "பக்கத்து வீட்டுப் பிள்ளையோடது" என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் இவள், "என்னோடதுங்க" என்றாள். வந்தவர்கள் தேத்தண்ணி குடித்தார்கள், பலகாரத்தை நன்றாகச் சாப்பிட்டார்கள், போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அடுத்தது ஒரு வங்கி உத்தியோகத்தர். நல்ல பையன். கல்யாணத்துக்குப் பிறகு வண்டியை விற்றுவிடலாம் என்று மரியாதையாகத்தான் சொன்னான். அவனை இவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொல்லியிருக்காங்க. நீ ஒரு பொய் சொல்லக்கூடாதா?" என்று கத்தினேன்.

"ஒரு பொய் சொன்னா, அதை அலுமாரியில ஒளிச்சு வச்சுக்கிட்டு காலம் பூரா குடித்தனம் பண்ணணும் அண்ணி. எனக்கு முடியாது" என்றாள்.

இந்த நிலையில்தான் தரகர் அழகமுத்து பிரதீஸின் சாதகத்தைக் கொண்டுவந்தார். கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்ப்பவர். தகப்பன் இல்லை, தாயோடு இருக்கிறார். பொருத்தம் பார்த்தாயிற்று. இரண்டு பேரும் போனில் பேசினார்கள். நான் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே, துருவுவதை அடிக்கடி நிறுத்திக்கொண்டே கேட்டேன். இவள் சிரித்தாள். மறுநாளும் பேசினாள், மறுநாளும் சிரித்தாள். ஒரு வாரம் கழித்து, கடைக்குப் போகும்போது வாசல் கண்ணாடியில் இரண்டு தரம் முகம் பார்த்தாள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது.

பிடித்ததால்தான் பயமும் வந்தது. முந்தின இரண்டு இடம் போனபோது அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இப்போது பிரதீஸிடம் வண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டு, வெளிறிப்போய் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னதான் சொன்ன?"

"ஞாயித்துக்கிழமை எனக்கு வேணும், அதை மட்டும் கேக்காதீங்கன்னு சொன்னேன். வர்ற ஞாயிறு கலஹா ரோட்டுலதான் எங்க போட்டி. வந்து பாருங்க, பார்த்துட்டு வேணும் வேணாம்னு சொல்லுங்கன்னேன். அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன்னாரு."

"போட்டியில கவுந்து விழுந்தா?"

"விழ மாட்டேன்" என்றாள். ஆனால் குரலில் வழக்கமான திமிர் இல்லை.

பொங்கல் முடிந்த வாரம் அது. முன் ஷொக் ஒன்று ஒழுகியது. கொழும்பிலிருந்து வர வேண்டிய எண்ணெய் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரத்தில், அவள் கடையிலிருந்து கொண்டுவந்த எண்ணெய்களையெல்லாம் ஊற்றிப் பார்த்தாள். கியர் எண்ணெய் கனம் கூடியது. தையல் மெஷின் எண்ணெய் கனம் போதாது. கடைசியில் சமையலறைத் தட்டிலிருந்த என் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துப்போனாள். நாலு ஷொக்கிலும் ஊற்றி, வண்டியை அம்மி மேல் ஏற்றினாள். சத்தியமாகச் சொல்கிறேன், அது ஆட்டுக்குட்டி மாதிரி ஏறியது. ஒரு சக்கரம் அம்மியின் விளிம்பில், ஒன்று செங்கல்லில், ஒன்று கீழே தொங்கி நிலத்தைத் தேடிப்பிடித்தது. நான்கூடக் கை தட்டினேன். "கொழும்பு எண்ணெயை விட இது நல்லா இருக்கு அண்ணி!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் என் போத்தல் பாதி காலியாக நின்றது.

ஞாயிறு விடிவதற்குள் யுகேஷின் த்ரீவீலரில் புறப்பட்டோம். பேராதனை தாண்டி மேலே ஏற ஏறக் குளிர் ஊசியாகக் குத்தியது. ரோட்டை மூடி மூட்டம். நிஷாந்தினி வண்டியைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். நான் சுடச்சுடத் தேத்தண்ணி ஊற்றிய பிளாஸ்கை மடியில் வைத்திருந்தேன். யார் மடி சூடாக இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

தேயிலைக்கு மேலே, ஓடைக்கரையில் ஒரு பெரிய பாறை. அதில் சுண்ணாம்பால் வழி போட்டு, வழிநெடுக இரண்டு இரண்டு குச்சியாக நட்டிருந்தார்கள். குச்சிக்கு நடுவால் போக வேண்டும். கவிழ்ந்தால் மறுபடி அடியிலிருந்து. ஆளுக்கு மூன்று வாய்ப்பு. அவர்கள் கூட்டத்தில் ஏழெட்டுப் பேர்தான். அதில் பெண்கள் இவளும் ரிப்காவும். ரிப்கா கட்டுகஸ்தோட்டையில் சட்டை தைத்து விற்கிறவள், இவளுக்கு உயிர்த்தோழி, பாறையில் மட்டும் பரம எதிரி.

பிரதீஸும் தாயும் எங்களுக்கு முன்பே வந்து நின்றார்கள். பையன் ஒல்லி, தடித்த ஜாக்கெட்டுக்குள் இன்னும் ஒல்லி. தாய் கம்பளிச் சட்டையும் தலையில் துண்டுமாக, கையில் ஒரு பை தோடம்பழம். பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்தார். பாறையைப் பார்த்தார், காற்சட்டை போட்ட என் நாத்தனாரைப் பார்த்தார், மறுபடி பாறையைப் பார்த்தார். நான் முருகனைக் கூப்பிட்டேன்.

நிஷாந்தினியின் முறை முதலில் வந்தது. வண்டி முதல் மேட்டில் ஏறியது. ஏறிய சக்கரம் மேலே போனது, அதோடு வண்டியே ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. மற்றச் சக்கரம் கீழே இறங்கவே இல்லை. நாலு காலும் விறைத்து, அப்படியே மல்லாக்க விழுந்தது. யாரோ சிரித்தார்கள்.

அவள் ஷொக்கைத் துளை மாற்றி மாட்டினாள். அந்தக் குளிரில் ஆணி இரண்டு தரம் கீழே விழுந்தது. இரண்டாவது தடவையும் அதே மேடு, அதே விழுகை.

ரிப்கா ஓடிவந்தாள். "அல்லாஹ்வே, என்னடி ஒன்ட வண்டி மரக்கட்ட மாதிரி நிக்கிது? போன வாரம் ஆடுன ஆட்டமெல்லாம் எங்க?"

நிஷாந்தினி பிரதீஸின் பக்கம் திரும்பவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டியை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். அமுங்கவில்லை. அவள் அழப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் அழுது நான் பார்த்தது அவள் அப்பா செத்த அன்றைக்கு மட்டும்தான். எழுந்து போய் வண்டியை அவள் கையிலிருந்து வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று எனக்கே தெரியாது. ஆறுதலுக்கு எதையாவது பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

ஷொக்கின் கம்பி உள்ளே போகிற இடத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் வழித்தேன். மெழுகு மாதிரி இருந்தது. தேய்த்ததும் உருகி, வாசனை வந்தது.

"அடிப்பாவி! எண்ணெய் உறைஞ்சு போச்சுடி!"

பாறைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். நிஷாந்தினி என்னைப் பார்த்தாள். பிறகு நெற்றியில் அறைந்துகொண்டாள். மார்கழியும் தையும் வந்தால் கண்டியில் எந்த வீட்டில் தேங்காய் எண்ணெய் உறையாமல் இருக்கிறது? தினம் காலையில் போத்தலை அடுப்போரம் வைத்து உருக்கித்தான் நாங்கள் தலைக்குத் தேய்க்கிறோம். "அண்ணி, எண்ணெய் இன்னும் உருகலையா?" என்று தினம் கத்துகிறவளே இவள்தான். ஷொக்குக்குள் போனதும் அது எண்ணெய் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. வெயிலில் ஊற்றினாள், வெயிலில் ஓட்டினாள், பனியில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

கூட்டமே சிரித்தது. ரிப்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். "தலைக்கு வைக்கிற எண்ணெய கால்ல வச்சா இப்பிடித்தான்டி!"

நிஷாந்தினிக்கும் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. எது எதற்கு என்று பிரிக்க முடியவில்லை. அப்போதுதான் பிரதீஸ் கிட்ட வந்தார்.

"மூணாவது தடவைக்கு, மத்தவங்க எல்லாம் ஓட்டி முடியிற வரைக்கும் நேரம் இருக்குதுங்களா?"

"இருக்கு" என்றாள் ரிப்கா.

அவர் என் கையிலிருந்த வண்டியை வாங்கினார். ஜாக்கெட் சிப்பை இறக்கி, வண்டியை நெஞ்சோடு சேர்த்து உள்ளே வைத்து, சிப்பைக் கழுத்துவரை இழுத்தார். சேறும் சக்கரமும் எல்லாமாக. வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது.

"மாப்பிள்ளைக்கு எத்தின மாசம்?" என்று ரிப்கா கேட்டதும் மறுபடி சிரிப்பு. பையன் காதுவரை சிவந்தார், ஆனால் வண்டியை வெளியே எடுக்கவில்லை. நிஷாந்தினியின் பக்கத்தில் போய் நின்று, எந்தத் துளையில் மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்டார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு கையை ஆட்டி, பிறகு தரையில் குச்சியால் கோடு கிழித்து. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். கல்லில் உட்கார்ந்திருந்த தாய் எதையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தவர்களில் அவர் இல்லை. ஒரே ஒரு தரம், "டேய், கம்பி கிம்பி குத்திறப்போகுது" என்றார்.

மூன்றாவது முறை வண்டி உடல் சூட்டோடு பாறையில் இறங்கியது. அவசரப்பட்டால் கவிழும், மெதுவாகப் போனால் எண்ணெய் மறுபடி உறையும். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்டினாள். முதல் மேட்டில் சக்கரம் ஏறியது, மற்றது பள்ளத்தில் இறங்கிப் பிடித்தது. எங்கள் அம்மியில் ஏறியதுபோலவே ஏறியது. நான் கத்தினேன், யுகேஷ் கத்தினார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே வண்டி விறைக்கத் தொடங்கியது. ஒரு சக்கரம் காற்றில் நின்றது. அவள் பின்னால் எடுத்து, சரித்து, ஒரு குச்சியைத் தட்டிவிட்டு, உச்சியில் போய் நின்றாள். குச்சி தட்டியதற்குப் புள்ளி போனது. ரிப்காதான் வென்றாள். அதைப் பற்றி யாருக்குக் கவலை?

கைதட்டல் ஓய்ந்ததும் பிரதீஸின் தாய் எழுந்து வந்தார். நேராக நிஷாந்தினியிடம் கேட்டார்.

"ஏம்மா, கல்யாணம் ஆனா இதையெல்லாம் விட்டுருவியா?"

பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. விட்டுருவாங்கம்மா, வீடு வாசல்னு வந்தா இதுக்கெல்லாம் எங்க நேரம். வாயைத் திறந்தும் விட்டேன். இவள் முந்திக்கொண்டாள்.

"விட மாட்டேங்க. உங்க மகனை எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா விட்டுருவேன்னு பொய் சொல்லி உங்க வீட்டுக்கு வர மாட்டேன்."

அந்த அம்மா தலைத்துண்டை இறுக்கிக்கொண்டார். "சரிம்மா" என்றார். பிரதீஸ் ஏதோ சொல்ல வந்தார். "பஸ் வந்திரும், வா" என்று அவரைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிவிட்டார். வளைவு வரைக்கும் பையன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

வீடு வரும்வரை என் வாய் ஓயவில்லை. எவ்வளவு நல்ல பையன், சேற்று வண்டியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றவனை யாராவது விடுவார்களா, ஒரு வார்த்தை மழுப்பியிருந்தால் என்ன குடியா மூழ்கிவிடும்? வீட்டுக்கு வந்ததும் அவள் மேசையில் உட்கார்ந்து ஷொக்கைக் கழற்றி எண்ணெயைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்த ஷொக்கையே மறுபடி மறுபடி துடைத்தாள். அதற்கு மேல் எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அவள் பக்கத்தில் தேத்தண்ணியை வைத்துவிட்டு, தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் என் போன் அடித்தது. பிரதீஸின் தாய்.

"பஸ்ஸால எறங்கி நேரா கோயில் ஐயரைப் பார்க்கத்தாம்மா போனோம். வைகாசியில ஒரு முகூர்த்தம் சொன்னாரு. நான் வேணாம்னுட்டேன்."

கதிரையைப் பிடித்துக்கொண்டேன். மேசையில் நிஷாந்தினி துடைப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"ஏங்கம்மா?" என்றேன்.

"அவரு சொன்னது ஞாயித்துக்கிழமைம்மா. அன்னைக்கு மருமகளுக்குப் பாறையில வேலை இருக்கும்ல? வெள்ளிக்கிழமையா பார்க்கச் சொல்லியிருக்கேன்."